கயலுக்கு என்ன குறை?

மயில்சாமிக்கு வந்ததே கோபம்! காபி டம்ளரை வைத்த வேகத்தில் பாதி காபி மேஜையில்.

பின்னே? சனிக்கிழமை காலையும் அதுவுமாக, மகள் கயல் ஒரு ஃபாரத்தை நீட்டிக் கையெழுத்துக் கேட்கிறாள். சம்மர் லீவில் எட்டு வாரம் யுனிவர்சிட்டியில் தங்கி, புரொபசரோடு கம்ப்யூட்டர் ஆராய்ச்சி. நல்ல விஷயம்தான். ஆனால் மேலேயே கொட்டை எழுத்தில், 'இத்துறையில் வாய்ப்புக் குறைந்த மாணவர்களுக்கு' என்று போட்டிருக்கிறதே!

மனிதர் அமெரிக்காவில், பிளானோ நகரில் சொந்த வீடு வாங்கி நாலு வருஷம் ஆகிறது. பொள்ளாச்சியிலிருந்து ஒருத்தர் தயவும் இல்லாமல் வந்தவன் நான் என்று, ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவரும் பாட்லக் விருந்துக்கு விருந்து சொல்கிறவர். இது அந்த விருந்துகளுக்கு வரும் ஜம்புநாதன் காதில் விழுந்தால் மானம் கப்பலேறிவிடாதா?

"இல்லாதப்பட்டவங்களுக்கு வெச்ச சீட்டு கண்ணு. அதை நாம புடுங்கறது பாவம்."

கேர்ள்ஸும் அப்ளை பண்ணலாம், பன்னிரண்டு மணிக்குள் போஸ்ட் பண்ணாவிட்டால் சான்ஸ் போச்சு என்று கயல் இங்கிலீஷில் சொல்லிப் பார்த்தாள். சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது.

"பொண்ணாப் பொறந்தது ஒரு குறையா? உன்னையும் உன் தம்பி இனியனையும் என்னைக்காவது பிரிச்சுப் பாத்திருக்கேனா?"

பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த தாமரைச்செல்வி திரும்பிப் பார்த்தாள். "ஏனுங்க, அவ என்ன எழுதியிருக்கான்னு படிச்சுப் போட்டுக் கோவப்படுங்க."

'உங்களுக்கு இருந்த தடை என்ன?' என்ற கேள்விக்குக் கயல் அரைப் பக்கம் எழுதியிருந்தாள். பஞ்சப்பாட்டுதான் பாடியிருப்பாள், கையும் களவுமாகப் பிடிக்கலாம் என்று மயில்சாமி கண்ணாடியை மாட்டிக்கொண்டார். இங்கிலீஷில் இருந்ததை மனைவிக்காகச் சத்தமாகத் தமிழில் சொல்ல ஆரம்பித்தார்.

'எங்கள் வீட்டில் பணக் கஷ்டம் இல்லை. அப்பா நல்லவர். கேட்டதெல்லாம் வாங்கித் தருவார்.'

கேட்டாயா என்பதுபோல் மனைவியைப் பார்த்துவிட்டு அடுத்த வரிக்குப் போனார்.

'கம்ப்யூட்டரை மட்டும் தம்பி ரூமில் வைத்திருக்கிறார்.'

தாமரைச்செல்வி ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து, பேனாவை அவர் பக்கத்தில் வைத்தாள். மீதியை மயில்சாமி வாய்க்குள்ளேயே படித்தார்.

'தம்பி சாக்கர் பிராக்டிஸுக்குப் போகும்போதுதான் நான் புரோகிராம் எழுதிப் பழகினேன். மழை பெய்தால் அவன் போக மாட்டான்.'