அடங்கும் முன்

உலை பொங்கி வழிந்தது. துடுப்பு கையில்தான் இருந்தது. அவள் கிளறவில்லை.

அரிசி மூட்டையின் மேல் உட்கார்ந்து, மற்றொரு கையை நெஞ்சில் வைத்திருந்தாள்.

வந்துவிட்டது.

கூடையால் கவிழ்த்து மூடிய கோழி போல உள்ளே அடித்துக்கொண்டது. அடித்து, அடித்து, சட்டென்று ஒன்றுமில்லை. இல்லாத படியில் கால் வைத்தாற்போல ஒரு வெறுமை. பிறகு மறுபடியும் அடி.

பள்ளிக்கூடத்துச் சத்துணவுச் சமையலறை. மணி பதினொன்று. பன்னிரண்டரைக்கு எண்பத்தாறு பிள்ளைகள் தட்டோடு வந்து நிற்பார்கள்.

இத்தனை மாதமாக இதை அடக்கித்தான் அவளுக்குப் பழக்கம். தண்ணீர் குடிப்பாள். கண்ணை மூடிக்கொள்வாள். நின்றுவிடு தாயே என்று கெஞ்சுவாள். வீட்டுக்காரர் வாயு என்றார். ஓமத்தண்ணீர் வைத்துக் கொடுத்தார். அக்கறையாகத்தான் கொடுத்தார். அவளும் குடித்தாள்.

ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் மூன்று தடவை போய்வந்திருக்கிறாள். மூன்று தடவையும் பிள்ளைகளுக்குச் சோறு போட்டு, அண்டா கழுவி, முகம் கழுவி, கறை பட்ட சேலையை மாற்றிக்கொண்டுதான் போனாள். ஆஸ்பத்திரிக்கு அழுக்கோடா போவது? நாமானாலும் அப்படித்தான் செய்வோம்.

அவள் போய்ச் சேரும்போது நெஞ்சு சாதுவாக இருக்கும். இசிஜி எடுப்பார்கள். கோடு தையல் போட்டாற்போல வரிசையாக வரும். ஒன்றுமில்லை என்பார்கள்.

மூன்றாம் தடவை நர்ஸ்தான் சொன்னாள். அடங்கின பிறகு வந்தால் மிஷினுக்கு எப்படித் தெரியும்? அடிக்கிற நேரத்திலேயே வரவேண்டும். கண் இருட்டினாலோ, நெஞ்சு வலித்தாலோ, மூச்சு முட்டினாலோ ஒரு நிமிஷம்கூட தாமதிக்கக் கூடாது. தனியாகவும் கிளம்பக் கூடாது.

அதைக் கேட்டு, கூட வேலை பார்க்கும் மாரிக்கனி சிரித்துவிட்டாள்.

"மைனி, நீங்க சீவிச் சிங்காரிச்சிக் கெளம்புறதப் பாத்தா, நோவு பயந்துபோயி வீட்லயே நின்னுக்கிடுது."

இன்று மாரிக்கனி சிரிக்கவில்லை.

ஏனென்றால் மூட்டைமேல் உட்கார்ந்திருந்தவளுக்குக் கண் இருட்டியது. ஒரு கணம்தான். எதிரே சுவர் இருந்த இடத்தில் சுவர் இல்லை. பிறகு வந்தது. துடுப்பு தரையில் கிடந்தது.

சோறு இன்னும் வடிக்கவில்லையே என்றாள். முட்டை உரிக்கவில்லையே என்றாள். மாரிக்கனி காதில் போட்டுக்கொள்ளவில்லை. அடுப்பைக் குறைத்துவிட்டு வகுப்பறைப் பக்கம் ஓடினாள்.

ஜெபமணி டீச்சர் ஸ்கூட்டியைக் கிளப்பினாள். நூற்றெட்டு வண்டி பக்கத்து ஊரிலிருந்து வரவேண்டும். ஆஸ்பத்திரியோ தெருமுனையில். டீச்சர் அவள் இரண்டு கைகளையும் இழுத்துத் தன் இடுப்பைச் சுற்றி வைத்துக்கொண்டாள். கஞ்சி பட்ட கை. இஸ்திரி போட்ட சேலை. அவள் கையை எடுக்கப் பார்த்தாள். டீச்சர் விடவில்லை.

வழியில்தான் பயம் வந்தது.

நின்றுவிடுமோ?

முகத்தில் காற்றுப் பட்டது. கொஞ்சம் இதமாக இருந்தது. அந்த இதம்தான் பயமுறுத்தியது. எத்தனை நாள் போ போ என்று விரட்டியதை, இன்று இரு இரு என்று கெஞ்சினாள். இன்னும் கொஞ்ச நேரம். அந்த இசிஜி கட்டில்வரைக்கும்.

நாலாம் தடவையும் ஒன்றுமில்லை என்று கேட்டுக்கொண்டு வீடு திரும்ப அவளுக்குத் தெம்பில்லை.

அடித்தது. நின்றது. அடித்தது.

சீட்டுப் போடுகிற இடத்தில் வரிசை. பதினோரு பேர்.

டீச்சர் வண்டியை நிறுத்திக்கொண்டிருந்தாள். இறங்கியவளின் கால்கள் தாமாகவே வரிசையின் கடைசியில் போய் நின்றன. முன்னால் ஒருத்தி, தோளில் காய்ச்சல் குழந்தை. அதற்கு முன்னால் கைத்தடியோடு ஒரு பெரியவர். எல்லோருக்கும் தன்னைவிட அவசரம் என்று தோன்றியது. எப்போதுமே அப்படித்தான் தோன்றியிருக்கிறது.

உள்ளே ஒரு அடி தப்பியது. அடுத்தது சற்று மெதுவாக வந்தது.

அடங்கப் போகிறது.

அவள் வரிசையை விட்டு விலகி நடந்தாள்.

வயசானவனே நிற்கிறேன், மகாராணிக்கு அப்படி என்ன அவசரமாம் என்றார் பெரியவர். அவளுக்குக் கேட்டது. கூசியது. நிற்கவில்லை.

இசிஜி அறை வாசலில் அதே நர்ஸ்.

"இப்ப இருக்கு," என்றாள் நர்ஸிடம். "போயிரும். மொதல்ல என்னையப் பாத்துருங்க."

தன் வாயிலிருந்து வந்ததா இது என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது.

கட்டில். மார்பில் ஈரப்பசை சில்லென்று ஒட்டியது. மணிக்கட்டிலும் கணுக்காலிலும் கவ்விகள். மிஷின் காகிதத்தைத் தள்ளிக்கொண்டே இருந்தது.

நர்ஸ் காகிதத்தைக் கிழித்துப் பார்த்தாள்.

ஒன்றுமில்லை என்று சொல்லவில்லை. வெளியே ஓடினாள்.

டாக்டர் வந்தார். காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்தார். இது வாயு இல்லையம்மா என்றார். இதற்கு மருந்து இருக்கிறது, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறேன், ஆம்புலன்ஸ் வரும், நல்ல நேரத்தில் வந்தீர்கள் என்றார்.

பயப்பட வேண்டியதுதான். ஆனால் பயத்துக்கு முன்னால் ஒரு அசதி வந்தது. தலைச்சுமையை யாரோ கைகொடுத்து இறக்கிவைத்த பிறகு வருமே, அது.

காகிதத்தில் இருக்கிறது. இனி அவள் ஒருத்தியே சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

வெளியே குழந்தை அழுதது. கட்டில் அடுத்தவருக்கு வேண்டுமே என்று முழங்கையை ஊன்றினாள்.

நர்ஸ் அவள் தோளில் கை வைத்தாள்.

"எந்திரிக்காதீங்கக்கா. அப்படியே படுத்துக்கங்க."

அவளுக்கு நன்றாகவே கேட்டது. இன்னொரு தடவை கேட்கவேண்டும் போலிருந்தது.

முகத்தை மெல்லத் திருப்பி, "என்னம்மா சொன்ன?" என்றாள்.