காஸுக்கு மாத்தின கார்

"பவா, அங்கை பார்! பெற்றோல் கார்க்காரர் பஸ்ஸுக்கு நிக்கிறார்!"

கரம்பொன் சந்தியில் கையில் பையோடு நின்ற முருகேசுவைக் கார்க் கண்ணாடிக்குள்ளால் காட்டினாள் சறோஜினிதேவி. அந்தக் குரலில் இருந்த சந்தோசம் சந்தி முழுக்கக் கேட்டிருக்கும்.

"அம்மா, மாமாவை விடுங்கோ" என்றாள் மகள் பவதாரணி, சீற்றில் சாய்ந்தபடியே. வாரத்தில் இரண்டு நாள் யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குப் போய் இரத்தம் சுத்திகரிக்கிறவளுக்கு வாதாடத் தெம்பு இல்லை.

"ஏன் விடவேணும்? வேலியை ஒண்டரை அடி தள்ளிப் போட்ட மனிசன். கூடப்பிறந்த அண்ணன் எண்டு சொல்லவே வெக்கமாக் கிடக்கு. ஆறு வருசமா நான் முகம் பாத்துக் கதைக்கேல்லை, இனியும் கதைக்கமாட்டன்."

சறோஜினிதேவியின் கோபம் இலேசில் ஆறுகிற சாதி இல்லை.

"ரஜீபன், நீர் சொல்லும். பெற்றோல் காரில ஆஸ்பத்திரிக்குப் போய்வர எவ்வளவு கேப்பினம்?"

காரை ஓட்டிக்கொண்டிருந்த ரஜீபன் தொண்டையைச் செருமினான். "ஐயாயிரம் கேப்பினம் அக்கா."

"நீர் வாங்கிறது?"

"ரெண்டாயிரத்து ஐந்நூறு."

"பாத்தியே பிள்ளை, சரி பாதி! காஸுக்கு மாத்தினவன் புத்திசாலி. மாத்தாதவர் கட்டுப்படியாகாமல் ஒரு வருசமாக் காரைத் தார்ப்பாய்ப் படங்காலை மூடி வைச்சிருக்கிறார். நல்லா வேணும்!"

ரஜீபன் கியரை மாற்றினான்.

அவள் போட்ட கணக்கில் பிழை இல்லை. ஐயாயிரம் என்றால், கணவன் விட்டுப்போன பென்சன் ஆஸ்பத்திரிப் பயணத்துக்கே போய்விடும். பஸ்ஸில் கூட்டிப்போன ஒரு நாள் பிள்ளை மயங்கி விழுந்தாள். இந்தக் காஸ் கார் கிடைத்திராவிட்டால் மகள் இன்று உயிரோடு இருந்திருக்கமாட்டாள் என்று சறோஜினிதேவி அடிக்கடி நினைத்துக்கொள்வாள்.

அதனால் மடியில் தலையணை, சுடுதண்ணிப் போத்தல், சாப்பாட்டுப் பை எல்லாவற்றையும் சுமப்பது அவளுக்குப் பாரமாகத் தெரியவில்லை. 'டிக்கிக்குள்ளை காஸ் சிலிண்டர் கிடக்கு, கிட்டப் போகாதேங்கோ' என்று முதல் நாளே ரஜீபன் சொல்லியிருந்தான். காஸ் வெடித்த செய்திகளைப் பேப்பரில் வாசித்திருந்தவள் அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை.

அல்லைப்பிட்டி தாண்டியதும் கார் ஒரு பக்கம் இழுத்தது. பின் சில்லில் காற்று இல்லை.

"இறங்க வேண்டாம் அக்கா. அஞ்சு நிமிசத்தில சில்லை மாத்திப்போடுவன்."

பத்து நிமிடமானது. ஆஸ்பத்திரியில் கொடுத்த நேரம் தவறிவிடுமோ என்ற பதற்றத்தில் சிலிண்டர் பயத்தையும் மறந்து இறங்கிப் பின்னால் போனாள் சறோஜினிதேவி. டிக்கி திறந்து கிடந்தது. உள்ளே ஒரு பழைய சாக்கைத் தவிர வேறொன்றும் இல்லை.

அவள் சாக்கைத் தூக்கிப் பார்த்தாள்.

"ரஜீபன்! சிலிண்டர் எங்கை?"

ரஜீபனின் கையில் இருந்த ஸ்பானர் நிலத்தில் விழுந்தது.

"இல்லை அக்கா."

"கழட்டிப்போட்டீரோ?"

"பூட்டவே இல்லை. இது... பெற்றோல் கார்தான்."

அவள் காரைப் பிடித்துக்கொண்டாள். ஒரு வருடம், வாரத்தில் இரண்டு பயணம், ஒவ்வொன்றிலும் பாதிக் காசு!

"அப்ப மிச்சக் காசு? உம்மட கையாலை போட்டனீரோ?"

"எனக்கு எங்காலை அக்கா அவ்வளவு காசு? இன்னொராள் தாறவர். சொன்னா நீங்கள் காரில ஏறமாட்டியள் எண்டு, காஸ் எண்டு சொல்லச் சொன்னதும் அவர்தான்."

"ஆர் அந்தாள்? எனக்கு ஆற்றை பிச்சையும் வேண்டாம்! பேரைச் சொல்லும்!"

யாழ்ப்பாணம் போகிற பஸ் தூசியைக் கிளப்பிக்கொண்டு அவர்களைக் கடந்தது. மிதிபலகையில் தொங்கிக்கொண்டிருந்த முருகேசு, நின்றுபோன காரைக் கண்டு பதறிப்போய்த் திரும்பித் திரும்பிப் பார்த்தார். சறோஜினிதேவி வழக்கம்போல முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டாள்.

ரஜீபன் பஸ்ஸைப் பார்த்தபடி மெல்லச் சொன்னான்.

"உந்தா போறார் அக்கா. தன்ர காரைப் படங்காலை மூடிப்போட்டு, அந்தப் பெற்றோல் காசை மருமகளுக்கெண்டு மாதா மாதம் கொண்டுவந்து தாறவர்."