பழைய கம்ப்யூட்டரின் பெயர்

“புது லேப்டாப்புக்குப் பழைய கம்ப்யூட்டர் கண்ணுலயே படல” என்று குவென் புலம்பியதால், பக்கத்துத் தெரு பாரி வந்து வைஃபையைக் குடைந்துகொண்டிருந்தார்.

“வந்துடுச்சு! ஆமா, யாரு குவென் இந்த ரோவீனா?”

குவென் தேநீர்க் கோப்பையை வைத்துவிட்டு எட்டிப் பார்த்தாள். மேற்குக் கரை ஊரான இந்த ஜெரால்டனில் ஒருவருக்கும் தெரியாத பெயர், திரையில் இருந்தது.

“வெளியில கார்ல உக்காந்துக்கிட்டு யாராவது என் வைஃபைக்குள்ள புகுந்திருக்காங்களா?” ஓடிப்போய் ஜன்னல் திரையை இழுத்து மூடினாள்.

பாரி சிரித்துக்கொண்டே பழைய கம்ப்யூட்டரை அணைத்தார். பெயர் மறைந்தது.

“பாத்தியா? இதுக்கு முன்னாடி வச்சிருந்தவன் இதுக்கு வச்ச பேரு அது. எங்க வாங்கின?”

“போன சனிக்கிழமை, எதிர்வீட்டு கராஜ் சேல்ல.”

“டெபிகிட்டயா! புருஷன் ரெண்டு வாரம் சுரங்க வேலைக்குப் போனாப் போதும், அவன் சாமானையெல்லாம் வித்துத் தள்ளிடுவா. நீ இங்க குடிவர்றதுக்கு முன்னாடி போன கிளிண்ட் இன்னிக்குத்தான் திரும்பி வர்றான்.”

“எந்த ஊர்க்காரர்?”

“கிழக்குக் கரையில இருக்கற மெக்கே.”

கிளிண்ட் முன்பு முறித்த தன் மணிக்கட்டைக் குவென் பிடித்துக்கொண்டாள். அவனுக்குப் பயந்து, ரோவீனா என்ற பெயரையே விட்டுவிட்டு, நாட்டின் மறு கரைக்கு ஓடி வந்தவள் அவள்.

பாரி அதற்குள் வாசலுக்குப் போயிருந்தார். எதிர்வீட்டில் ஒரு வண்டி வந்து நின்றது.

“டேய் கிளிண்ட்! உன் பழைய கம்ப்யூட்டர் இங்கதான்டா இருக்கு. யாருடா அந்த ரோவீனா? பேரைக் கேட்டதுலேருந்து இந்தப் பொண்ணு பேயறைஞ்ச மாதிரி நிக்குது. நீயே வந்து சொல்லிட்டுப் போ!”