கருகல் வாசனை

“சார், ஏதோ கருகுது!” என்று மூக்கைப் பொத்திக்கொண்டு காரை விட்டு இறங்கினார் பல் டாக்டர். கார் வாங்க வந்த அவர் இன்னும் சாவியைக்கூடத் திருப்பவில்லை. ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தியதோடு சரி.

காரை விற்க நின்ற நூலகர் பதறிப்போய் டாஷ்போர்டுக்கு அடியில் தலையை நுழைத்தார். காற்றை ஊதும் புளோயர் மோட்டாருக்குப் போகும் வயரை விரலால் தடவிப் பார்த்தார். ஜில்லென்று இருந்தது. மூக்கு ஒன்று சொல்லிற்று, விரல் வேறொன்று சொல்லிற்று. எதை நம்புவது என்று தெரியாமல் தலையை நிமிர்த்தி, ஸ்டியரிங்கில் ‘ணங்’ என்று இடித்துக்கொண்டார்.

“சின்ன விஷயம்தான் டாக்டர். அஞ்சு நிமிஷத்துல சரி பண்ணிடறேன்.”

“அஞ்சு நிமிஷத்துல நான் பல்லையே பிடுங்கிடுவேன் சார். போற வழியில தீப்பிடிச்சா யாரு அணைக்கறது? நான் வேற கார் பாத்துக்கறேன்.”

டாக்டர் போய்விட்டார். இதற்கு முன் வந்த இரண்டு பேரும் இதே வாசனைக்குப் பயந்து ஓடியவர்கள்தான்.

எல்லாம் தன்னால் வந்த வினை என்பதில் நூலகருக்குச் சந்தேகமே இல்லை. பழைய கார். மோட்டார் தேய்ந்து, சுற்ற முடியாமல் முக்கி முனகி, அளவுக்கு மேல் கரண்ட் இழுத்தது. அதனால் ஃப்யூஸ் போய்க்கொண்டே இருந்தது. வேறு யாராக இருந்தாலும் மோட்டாரைக் கழற்றிப் பார்த்திருப்பார்கள். இவரோ கார் ரிப்பேர் புத்தகங்களையெல்லாம் பாதி பாதி படித்த மேதை. இருப்பதிலேயே பெரிய ஃப்யூஸாகப் பார்த்து வாங்கிப் போட்டார். ஃப்யூஸ் பிழைத்தது, வயர் வெந்தது. தன் வினை தன்னைச் சுடும் என்பார்கள். இவர் வினை காரைச் சுட்டது.

அப்புறம் புத்தி வந்து புது மோட்டார் போட்டார். உருகிப்போன பிளக்கை மாற்றி, புது வயர் இழுத்து, சரியான அளவு ஃப்யூஸும் போட்டார். புளோயரை முழு வேகத்தில் வைத்துக்கொண்டு ஊரெல்லாம் சுற்றி வந்தாலும் ஒரு வாசனை இல்லை. வாங்குவதற்கு ஆள் வந்தால் மட்டும் கருகல் மூக்கைத் துளைத்தது.

கையில் ஈரத் துணியோடு மனைவி வாசலுக்கு வந்தாள். “என்னங்க, இவரும் போயிட்டாரா? சீட்டு, கண்ணாடி எல்லாம் நானே துடைச்சு வச்சேனே!”

“நீ துடைச்சு என்ன பண்றது? நான் கை வச்ச வண்டியாச்சே.”

“அதுவும் சரிதான். மிக்சியைக் கழட்டினீங்க. இன்னும் பரண்ல துண்டு துண்டா கிடக்கு.”

நூலகர் படியில் உட்கார்ந்தார். கையிலிருந்த ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்துவிட்டு, கொஞ்ச நேரம் காரையே பார்த்தார். இந்த வயதில் ஒரு தகர டப்பாவுக்காகக் கண் கலங்குகிறோமே என்று வெட்கமாக இருந்தது.

“உன் இடுப்பு வலிக்காகத்தான் இதை விக்கறேன். இந்த சீட்டுல உக்காந்தா இடுப்பே கழண்டு போகுதுன்னு நீ எத்தனை தடவை சொல்லியிருக்க! நல்ல சீட்டு வச்ச வண்டியா வாங்கிடலாம்னு பாத்தேன். மத்தபடி எனக்கு இதை விக்க மனசே இல்ல. நம்ம பொண்ணைப் பொறந்த கையோட வீட்டுக்குக் கூட்டிட்டு வந்த வண்டி.”

மனைவி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“நாளைக்கு ஒருத்தர் வர்றேன்னு சொல்லியிருக்கார்” என்றார் அவர். “கை நிறையக் கொடுக்கற ஆளு. பிடிச்சிருந்தா அப்பவே எடுத்துட்டுப் போயிடுவார். அவரும் மூக்கைப் பொத்திக்கிட்டு ஓடினா, விக்கற பேச்சையே விட்டுடறேன். நீதான் பொறுத்துக்கணும்.”

“என் இடுப்புக்கு ஒரு தலகாணி வச்சா போதும்.”

“நிஜமாவா சொல்ற?”

அவள் எழுந்து உள்ளே போய் அவருடைய டூல்ஸ் பெட்டியைத் தூக்கி வந்தாள். திறந்து, கறுப்பு வயர் சுருளையும் கத்தரியையும் எடுத்து அவர் மடியில் வைத்தாள்.

“இதுல ஒரு முழம் வெட்டிக் குடுங்க. கொளுத்தறதுக்கு வச்சிருந்தது தீந்துபோச்சு.”