பட்டியலில் இல்லாத பெயர்

வாசலிலேயே கழற்ற வேண்டிய பூட்ஸோடு சுன்னிவா, வடதுருவத்தை ஒட்டிய ஸ்வால்பார்ட் தீவின் ஆய்வுக்கூடத்துக்குள் நுழைந்த வேகத்திலேயே, மூத்த ஆய்வாளர் ஹால்வருக்கு விஷயம் புரிந்துவிட்டது.

“புது அசுவினிப் பூச்சியைப் பத்தின கட்டுரையில என் பேரை எடுத்துட்டீங்களா?”

“ஆமா.”

“நாலு கோடை! கரடிக்குப் பயந்து தோள்ல துப்பாக்கி, முட்டியெல்லாம் சேறு. செடி செடியாக் கவுந்து தேடிப் பிடிச்சவ நான். எழுதினவர்னு உங்க பேர் மட்டுமா?”

“முழுசாப் படிச்சியா?”

“அதைப் பார்த்ததுமே வயிறு எரிஞ்சுபோச்சு. அப்புறம் எங்க படிக்கிறது! இந்தாங்க, ராஜினாமா.”

ஹால்வர் கடிதத்தை வாங்காமல் கட்டுரையின் இரண்டாம் பக்கத்தை நீட்டினார். புதிய இனத்துக்கு வைத்திருந்த பெயர்: ‘சுன்னிவே’. லத்தீனில் அவள் பெயரேதான்.

“எழுதினவங்களே தங்களோட பேரைப் பூச்சிக்கு வெச்சுக்கிட்டா ஊர் சிரிக்கும்னு உனக்கே தெரியும். ரெண்டுல ஒண்ணுதான் கிடைக்கும். கட்டுரையை அஞ்சு வருஷத்துல மறந்துடுவாங்க. இந்தப் பேர் நமக்கப்புறமும் இருக்கும்.”

சுன்னிவா நுண்ணோக்கியில் குனிந்தாள். சிறகில்லாத, உருண்டையான பூச்சி. அவள் வெகுநேரம் நிமிரவில்லை.

“என்னம்மா?”

மூக்கை உறிஞ்சிக்கொண்டே கேட்டாள்: “நான் என்ன இவ்வளவு குண்டாவா இருக்கேன்?”