ஆறிய சாயா

மே மாதத்து மத்தியானம். மாட்டுங்காவில், ஜன்னல்களை அடைத்த அறையில் புரொஜக்டர் கரகரவென்று ஓடுகிறது. சுவரில் ஒரு வெள்ளை வட்டம். அதற்குள் தண்ணீரில் கலந்த சாம்பிராணித் துகள்கள் ஓயாமல் துடிக்கின்றன. போன வருஷம் செத்துப்போன நயினார் மைக்ரோஸ்கோப் வழியாக எடுத்த படம். அவர் மனைவி சண்முகவடிவு, காலேஜில் பௌதிகம் நடத்துகிறவள், கண் கொட்டாமல் பார்க்கிறாள். மேஜையில் அவளுடைய சாயா ஆறி, ஆடை படிந்து கிடக்கிறது. படம் முடியும் இடத்தில் வட்டத்தின் மேல் ஒரு கையின் நிழல் விழுகிறது. போதும் என்பதற்கு நயினார் எப்போதும் அப்படித்தான் மைக்ரோஸ்கோப்பின் விளக்கைக் கையால் மறைப்பார்.

"ரிவர்ஸ்ல ஓட்டுங்க பாய்."

தாராவியிலிருந்து வாடகைப் புரொஜக்டரோடு வந்திருக்கும் ஜெயினுலாப்தீன் விசையைத் திருப்புகிறார். நிழல் விலகுகிறது. துகள்கள் மறுபடியும் துடிக்கின்றன.

"எப்படி ஓட்டினாலும் ஒண்ணுபோலல்லா இருக்கு டீச்சர்? இதுல முன்னே எது, பின்னே எது?"

"தண்ணியும் ரூமும் ஒரே சூட்டுல இருந்தா முன்னே பின்னே கிடையாது பாய். அவர் கை நிழலை வச்சுத்தான் எனக்கே தெரியுது."

கிங்ஸ் சர்க்கிள் பக்கம் லோக்கல் ரயிலின் சத்தம் தேய்ந்து அடங்குகிறது. வட்டம் பளிச்சென்று நிற்கிறது. நயினார் இன்னும் கையை நீட்டவில்லை. அவள் சுவரிலிருந்து பார்வையை எடுக்காமலே டம்ளரைத் தொடுகிறாள், வெடுக்கென்று விரலை இழுத்துக்கொள்கிறாள். சாயாவின் மேல் ஆடை இல்லை. ஆவி பறக்கிறது. ஜெயினுலாப்தீனும் அதைப் பார்த்துவிடுகிறார். அவர் கை படத்தை நிறுத்த விசைக்குப் போகிறது.

"நிறுத்திடாதீங்க பாய்," என்கிறாள் அவள். "ஓடட்டும்."