இரண்டாவது டிரெய்லர்

தேயிலைத் தோட்டத்து மலைவளைவில் இருந்த கேட்டைத் திறக்காமல், புது வாச்சர் முத்துலிங்கம் டிராக்டரை மறித்தார்.

"ரெண்டு டிரெய்லர் இழுக்கக் கூடாதுன்னு தொரை சொல்லியிருக்காரே, தம்பி. வேலை போயிடும்."

"ஒண்ணுதாண்ணே இழுக்கிறேன்," என்றான் ஜீவராஜ்.

"எனக்கே பூ சுத்துறியா? பின்னாடி பனிமூட்டத்துல, கொழுந்து பறிக்கிற பொம்பளைங்களோட இன்னொண்ணு நிக்குதே."

ஜீவராஜ் திரும்பிப் பார்த்தான். கொழுந்து மூட்டைகளோடு ஒரே டிரெய்லர்தான் இருந்தது. இரண்டாவது டிரெய்லர் போன வருஷம் இந்த வளைவில் கழன்று பள்ளத்தில் விழுந்தது. அதில் வந்த எவரும் பிழைக்கவில்லை. தடை அதற்குப் பிறகு வந்ததுதான். அன்றும் டிராக்டரை ஓட்டியவன் அவன்தான்.

"அதுல பச்சை சுவெட்டர் போட்ட பொண்ணு இருக்காளாண்ணே?"

"ஓரமா உக்காந்து உன்னையேதான் பாக்குது."

"அது என் சம்சாரம். கேட்டைத் தொறங்கண்ணே. இன்னைக்காவது லயத்து வீட்டுல கொண்டுபோய் விட்டுடறேன்."